சக்கரப் பூட்டிலிருந்து நோட்டீஸ் வரை: பிரிட்டனில் தனியார் இடத்து பார்க்கிங் சட்டம்

பிரிட்டனில் கார் வைத்திருக்கும் தமிழர்கள் மத்தியில் இரண்டு அறிவுரைகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, "கண்ணாடியில சீட்டு இருந்தா உடனே கட்டிடு, இல்லேன்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்க." இன்னொன்று, "சூப்பர்மார்க்கெட் டிக்கெட்டா? குப்பையில போடு, அதெல்லாம் செல்லாது." இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் அறிவுரையைக் கேட்டால் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டுவோம். இரண்டாவதைக் கேட்டால், ஒரு கடிதத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் கோர்ட் தீர்ப்பு வரை போய்விடும்.

கையில் சீட்டு கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, அனுப்பியவர் யார் என்பதை. கவுன்சில் தன் சாலையிலும் தன் கார் நிறுத்துமிடத்திலும் ஒட்டுவது, சட்டம் கொடுத்த அதிகாரத்தில் விதிக்கும் அபராதம். கட்டாமல் விட்டால், வழக்கமான கோர்ட் விசாரணை ஏதும் இல்லாமலேயே பெயிலிஃப் (கடனுக்காகப் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரி) வரை போக அதற்கு வழி உண்டு. சூப்பர்மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஃபிளாட் வளாகம் போன்ற இடங்களில் ஒரு தனியார் கம்பெனி ஒட்டுவது அப்படியல்ல. "பலகையில் எழுதியிருந்த நிபந்தனையை மீறிவிட்டீர்கள், அதற்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று கேட்கும் பில் அது. கட்டாவிட்டால் அந்தக் கம்பெனி நம் மேல் சிவில் வழக்கு போட்டு ஜெயித்தாக வேண்டும். இரண்டு சீட்டுகளையும் பி.சி.என். என்ற ஒரே சுருக்கப் பெயரில்தான் சொல்கிறார்கள். நிறமும் வடிவமும்கூட கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அதனால் மேலே உள்ள பெயரை நிதானமாகப் படியுங்கள்: கவுன்சிலா, காவல்துறையா, லிமிடெட் கம்பெனியா?

இனி பேசப்போவது லிமிடெட் கம்பெனியின் சீட்டைப் பற்றி. அதன் இன்றைய விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிய, அதற்கு முன்னால் இருந்த சக்கரப் பூட்டின் (கிளாம்ப், அதாவது கார் நகராதபடி சக்கரத்தில் மாட்டும் பூட்டு) கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

பூட்டு வந்ததும் போனதும்

என் நிலத்தில் யாரோ ஒருவர் கேட்காமல் காரை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்யலாம்? ஆங்கிலேயச் சட்டத்தில் இதை ஒத்த பழைய உரிமை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு மாடு வேலி தாண்டி வந்து பயிரை மேய்ந்தால், நஷ்டத்துக்குப் பணம் வரும்வரை நிலத்துக்காரர் அந்த மாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மாட்டைப் பிடிக்கலாம் என்றால் காரையும் பிடிக்கலாமே என்று ஒரு வாதம் பின்னாளில் வந்தது.

பிடித்து வைக்கும் கருவி அமெரிக்காவில் பிறந்தது. டென்வர் நகரத்தின் ஃபிராங்க் மாரக் என்பவர் 1944-ல் இந்தச் சக்கரப் பூட்டை வடிவமைத்தார். அவர் அந்த ஊர் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவரும்கூட. 1955-ல் டென்வர் போலீஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. லண்டன் தெருக்களுக்கு 1983-ல் வந்து சேர்ந்தது. அங்கே பூட்டியது அரசுத் தரப்பு. அதைப் பார்த்துத் தனியாரும் இறங்கினார்கள். நிலத்துக்காரருக்குப் பெரும்பாலும் செலவே இருக்காது. கிளாம்ப் கம்பெனி தானே வந்து பலகை நட்டு, தானே கண்காணித்து, பூட்டை எடுக்க வாங்கும் பணத்தை வைத்துக்கொள்ளும். எத்தனை பூட்டு விழுகிறதோ அத்தனை வருமானம். இந்த ஏற்பாட்டில்தான் எல்லாக் கோளாறும் ஒளிந்திருந்தது. இடத்தைக் காலியாக வைத்திருப்பது நிலத்துக்காரரின் தேவை, யாராவது வந்து தவறாக நிறுத்துவது கம்பெனியின் தேவை.

1990-களின் நடுவில் டிரூரோ ஊரில் நடந்த ஒரு வழக்கு அப்பீல் கோர்ட் வரை போனது. மாட்டைப் பிடிக்கும் பழைய உரிமை காருக்குப் பொருந்தாது என்றது கோர்ட். ஆனால் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. "இங்கே நிறுத்தினால் பூட்டுவோம்" என்று பலகை இருக்கிறது, அதைப் படித்த பிறகும் ஒருவர் நிறுத்துகிறார் என்றால், பூட்டப்படுவதற்கு அவரே சம்மதித்துவிட்டார் என்று பொருள். கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், பணம் வந்ததும் தாமதிக்காமல் அவிழ்க்க வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது. அந்த நிபந்தனைகளைத் தெருவில் யார் கண்காணிப்பது?

அடுத்த முக்கியமான வழக்கு 2000-ல் லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதியிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு வழியிலேயே உடம்பு முடியாமல் போக, சட்டென்று ஓரமாக ஓர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வாந்தி எடுத்தார். சில நிமிடங்களில் திரும்பி வந்தால் சக்கரத்தில் பூட்டு. நூறு பவுண்டுக்கு மேல் கட்டித்தான் காரை எடுக்க முடிந்தது. எச்சரிக்கைப் பலகை அங்கே இருந்தது உண்மை, ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டி அதை மறைத்துக்கொண்டிருந்தது. பலகையை அவர் பார்க்கவில்லை, பார்க்காதவர் சம்மதிக்கவும் முடியாது என்று அப்பீல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தனியார் பார்க்கிங் விவகாரத்தில் பலகைக்கு இன்றும் இருக்கும் கனம் இந்த இரண்டு வழக்குகளோடும் சேர்ந்து வந்தது.

ஸ்காட்லாந்து இந்தச் சுற்றுவழிக்கெல்லாம் போகவே இல்லை. அடுத்தவர் காரைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பது, திருட்டும்கூட என்று 1992-லேயே அங்குள்ள உயர் குற்றவியல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தும் வேல்ஸும் மேலும் இருபது வருடம் எடுத்துக்கொண்டன. நடுவில் 2005 முதல் பூட்டுபவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். புகார்கள் ஓயவில்லை. கடைசியில் 2012-ல் வந்த 'சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம்' அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனியார் பூட்டுவதை நிறுத்தியது.

தடை எதுவரை?

அந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் வண்டியை எடுக்கவிடாமல் செய்வதைக் குற்றமாக்குகிறது. பூட்டுப் போடுவது மட்டும் அல்ல. இழுத்துக்கொண்டு போவதும், வெளியே வர முடியாதபடி முன்னால் இன்னொரு வண்டியை நிறுத்துவதும் அதில் அடங்கும். உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத யாரோ நிறுத்திவிட்டுப் போனாலும், கோபத்தில் அவர் காரை அடைத்து வைக்க உங்களுக்கும் உரிமை கிடையாது. நியாயமாகத் தோன்றாதுதான், ஆனால் சட்டம் அதுதான். ஒரே விலக்கு தடுப்புக் கம்பம். நிறுத்தும்போதே அங்கே நிரந்தரக் கம்பம் இருந்தால், பணம் கட்டும்வரை அது திறக்காமல் இருப்பது குற்றமாகாது. ஓட்டுநர் அதைப் பார்த்துச் சம்மதித்துதான் உள்ளே வந்தார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் இப்போதும் சாலையில் கிளாம்ப் மாட்டிய கார்களைப் பார்க்கிறோமே? அவை வேறு கணக்கு. சாலை வரி கட்டாத வண்டியை, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. பூட்டலாம். போலீசும் கவுன்சிலும் தங்கள் அதிகாரத்தில் பூட்டலாம். கோர்ட் கடனை வசூலிக்க வரும் பெயிலிஃப் பூட்டலாம். சில ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள், துறைமுகங்களுக்குத் தனித் துணைவிதிகள் உண்டு.

பூட்டுக்குப் பதில் கிடைத்தது

பூட்டைப் பிடுங்கிய அதே சட்டம் நிலத்துக்காரர்களுக்கு வேறொன்றைக் கொடுத்தது. அதுவரை அவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. பலகையைப் படித்து ஒப்பந்தத்துக்குள் வந்தவர் காரை ஓட்டியவர். ஆனால் டி.வி.எல்.ஏ. பதிவில் இருப்பது வண்டியின் கீப்பர், அதாவது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர். "நான் ஓட்டவில்லை" என்று அவர் சொல்லிவிட்டால் கம்பெனி அதற்கு மேல் போக முடியாமல் நிற்கும். 2012 சட்டத்தின் நான்காவது அட்டவணை இதை மாற்றியது. ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் கீப்பரிடமே பணம் கேட்கலாம். ஆனால் அட்டவணையில் சொன்ன கெடுக்களையும் வாசகங்களையும் கம்பெனி அப்படியே கடைப்பிடித்திருக்க வேண்டும்.

கீப்பரின் பெயரும் முகவரியும் டி.வி.எல்.ஏ.விடமிருந்து கிடைக்கும். ஒரு வண்டிக்குக் கட்டணம் 2.50 பவுண்டு. இப்படி ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட விவரங்கள் பார்க்கிங் கம்பெனிகளுக்குப் போகின்றன. பி.பி.ஏ., ஐ.பி.சி. என்ற இரண்டு சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் இந்த வசதி. சங்கத்திலிருந்து நீக்கப்பட்டால் வருமானமே நின்றுபோகும் என்பதால் சங்கத்தின் நடத்தை விதிகளுக்கு ஓரளவு பல் இருக்கிறது.

சரி, இரண்டு மணி நேர இலவச பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அதற்கு 85 பவுண்டு கேட்பது அநியாயம் இல்லையா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. செம்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு கடை வளாகத்தில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய பீவிஸ் என்பவர் மேல் 'பார்க்கிங் ஐ' (ParkingEye) என்ற கம்பெனி போட்ட வழக்கு அது. 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கு நேரடி நஷ்டம் இல்லை என்பதைக் கோர்ட் ஒத்துக்கொண்டது. ஆனாலும் கடைக்கு வருகிறவர்களுக்கு இடம் காலியாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நியாயமான அக்கறை அங்கே இருக்கிறது, தொகையும் அதற்கு மிஞ்சியது அல்ல, பலகைகளும் பெரிதாகத் தெளிவாக இருந்தன என்று கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. "தனியார் டிக்கெட் செல்லாது" என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். பத்து வருடம் கழித்தும் அதை நம்பிச் சீட்டைக் கிழித்துப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே தீர்ப்பை நம் பக்கமிருந்தும் படிக்க வேண்டும். கோர்ட் ஒத்துக்கொண்டது தெளிவான பலகையும் நியாயமான காரணமும் இருந்த ஒரு வழக்கை. இருட்டு மூலையில் பொடி எழுத்தில் தொங்கும் பலகைக்கு அந்தத் தீர்ப்பு துணைக்கு வராது.

நாள் கணக்கு

தபாலில் வரும் நோட்டீஸ் பெரும்பாலும் கேமரா நோட்டீஸ். உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து இடைவெளியைக் கணக்கிடுகிறார்கள். கண்ணாடியில் எதையும் ஒட்டாமல் நேராகத் தபாலில் அனுப்பினால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் அந்தக் கடிதம் கீப்பர் கைக்கு வந்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் போதாது. வேறுவிதமாக நிரூபிக்காதவரை, தபாலில் சேர்த்ததற்கு அடுத்த இரண்டாவது வேலை நாளில் வந்து சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார் நின்றது 2025 மார்ச் 3, திங்கள்கிழமை. செவ்வாய் 4-ஆம் தேதி முதல் நாள், திங்கள் 17-ஆம் தேதி பதினான்காவது நாள். கம்பெனி 13-ஆம் தேதி வியாழனன்று தபாலில் சேர்த்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, ஆக 17-ஆம் தேதி வந்துவிடும், கெடுவுக்குள் அடங்கும். ஒரே ஒரு நாள் தள்ளி 14-ஆம் தேதி வெள்ளியன்று சேர்த்திருந்தால்? நடுவில் சனி, ஞாயிறு. வந்து சேர்ந்ததாகக் கொள்ளும் நாள் 18, செவ்வாய். கெடு தாண்டிவிட்டது. ஓட்டியவரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் அவர் யார் என்று தெரியாவிட்டால் கீப்பரைப் பிடிக்க முடியாது. அதனால்தான் கடிதம் வந்ததும் உறையையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது முதல் 28 நாள் ஓட்டியவருக்கான அவகாசம். அது முடிந்த பிறகு, 56-ஆம் நாளுக்குள் கீப்பருக்குக் கடிதம் வர வேண்டும்.

இதனால் ஒரு நுட்பமான விஷயம் முக்கியமாகிறது. ஓட்டியது யார் என்று தனியார் கம்பெனிக்குச் சொல்லும் கட்டாயம் கீப்பருக்கு இல்லை. (போலீஸ் கேட்டால் நிலைமையே வேறு, அங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.) ஆனால் பலர் பதற்றத்தில் "நான் பத்து நிமிஷம்தான் லேட்டா வந்தேன், மன்னிச்சிடுங்க" என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டியது நான்தான் என்று அந்த ஒரு வரி ஒத்துக்கொண்டுவிடுகிறது. அதற்கப்புறம் நாள் கணக்கு எதுவும் உதவாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. "இந்த வண்டியின் கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன்" என்று தொடங்கி, ஓட்டுநர் என்று படர்க்கையில் எழுதினால் போதும்.

எதை வைத்து வாதாடுவது?

முதலில் கடை மேலாளரிடமோ வளாக நிர்வாகத்திடமோ போங்கள். ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள். கம்பெனியை வேலைக்கு வைத்தவர்கள் அவர்கள்தான், ரத்து செய்யச் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேராகச் சண்டைக்குப் போகிறார்கள்.

அப்புறம், இடத்துக்கு மறுபடி போய்ப் படம் எடுங்கள். கார் நின்ற அதே இடத்திலிருந்து, முடிந்தால் அதே நேரத்தில். பலகை தெரிகிறதா, விளக்கு இருக்கிறதா, கட்டணத் தொகை படிக்கும் அளவில் இருக்கிறதா என்பதையெல்லாம் அந்தப் படம் சொல்லும்.

இரண்டு சங்கங்களும் சேர்ந்து 2024-ல் ஒரே நடத்தை விதியைக் கொண்டு வந்தன. அதன்படி கட்டணத்தின் உச்சம் பொதுவாக 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி. உள்ளே வந்து பலகையைப் படித்து நிறுத்துவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கக் கொஞ்சம் நேரம் தர வேண்டும். நேரம் முடிந்த பிறகு கிளம்ப 10 நிமிடச் சலுகை உண்டு. இயந்திரத்தில் வண்டி எண்ணை அடிக்கும்போது ஓர் எழுத்து மாறிவிட்டது போன்ற சிறு பிழைகளுக்குப் பணம் பிடுங்கக் கூடாது. வந்த ஐந்து நிமிடத்துக்குள் கட்டவில்லை என்று டிக்கெட் போட்ட கூத்தும் நடந்தது. கேமரா உள்ள இடங்களில் வெளியே போகும் முன் கட்டிவிட்டால் அப்படிச் செய்யக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தினார்கள். கேமரா சில சமயம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்ததை நாள் முழுக்க நின்றதாகக் கணக்கிட்டுவிடும். அன்று நடுவில் வேறெங்கோ இருந்ததற்கு ஒரு ரசீதோ, போனில் உள்ள இருப்பிடப் பதிவோ இருந்தால் விஷயம் முடிந்தது.

ஃபிளாட்டில் குடியிருப்பவர்கள் தங்கள் குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிறகு வந்த பார்க்கிங் கம்பெனியின் பலகை, பத்திரம் கொடுத்த உரிமையை அடித்துவிட முடியாது. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி கோர்ட்டில் ஒரு வழக்கு. குடியிருப்பவர் ஒருவர் தன் ஃபிளாட்டுக்கு ஒரு மேசையை இறக்கி வைக்க, வாசலில் கொஞ்ச நேரம் காரை நிறுத்தினார், டிக்கெட் விழுந்தது. சாமான் இறக்குவது பார்க்கிங் ஆகாது என்று அப்பீலில் நீதிபதி சொன்னார். வீடு மாற்றுகிறவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ப்ளூ பேட்ஜ் திட்டம் தனியார் இடத்தில் நேரடியாகச் செல்லாது. ஆனால் 2010-ன் சமத்துவச் சட்டம் அங்கேயும் செல்லும். நடக்கக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறவருக்கு அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு, முறையீட்டில் இதைத் தயங்காமல் எழுதுங்கள்.

கம்பெனி நிராகரித்தால் வெளி முறையீடு உண்டு. பி.பி.ஏ. உறுப்பினர் என்றால் பாப்லா, ஐ.பி.சி. உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ். என்ற முறையீட்டு அமைப்பு. பாப்லாவுக்குப் பணம் கட்ட வேண்டாம். அங்கே வரும் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. தோற்றாலும் கோர்ட்டில் வாதாடும் உரிமை போகாது.

கடன் வசூல் கடிதமும் கோர்ட் கடிதமும்

கட்டாமல் விட்டால் கடன் வசூல் கம்பெனிகளிடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வரும், தொகையும் கூடும். இவர்கள் பெயிலிஃப் அல்ல. வீட்டுக்குள் வரவோ ஒரு பொருளைத் தொடவோ இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பயந்துபோய் இவர்களிடம் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம்.

ஆனால் 'வழக்குக்கு முந்தைய கடிதம்' என்று வந்தால் பதில் எழுதியாக வேண்டும், அதற்கு 30 நாள் இருக்கிறது. அதையும் தாண்டிக் கவுண்டி கோர்ட்டின் படிவம் வந்தால் அதை ஒரு நாளும் ஒதுக்கி வைக்காதீர்கள். 14 நாளுக்குள் பதில் பதிவு செய்தால், எதிர்வாதம் போட மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் விசாரணையே இல்லாமல் நமக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். சி.சி.ஜே. எனப்படும் அந்தத் தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் பதிவு நீங்கும். இல்லாவிட்டால் ஆறு வருடம் கடன் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கு அது இருப்பதே தெரிகிறது.

அப்படித் தெரியாமல் போவதற்கு மிகப் பெரிய காரணம் பழைய முகவரி. வீடு மாறும்போது வங்கி, டாக்டர், பள்ளி என்று எல்லா இடத்திலும் மாற்றுகிறோம். டிரைவிங் லைசென்ஸிலும் மாற்றுகிறோம். வண்டியின் வி5சி பதிவுப் புத்தகத்தைத் தனியாக மாற்ற வேண்டும் என்பது விட்டுப்போகிறது. நோட்டீஸ், நினைவூட்டல், கோர்ட் படிவம் எல்லாம் பழைய வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருக்கும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போடலாம், ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் பவுண்டு கட்டணம். வி5சியில் முகவரி மாற்றுவது இணையத்தில் இலவசம்.

இதுவரை சொன்னது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். கீப்பரிடம் வசூலிக்கும் நான்காவது அட்டவணை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. வட அயர்லாந்தில் 2012-ன் கிளாம்ப் தடை இல்லை. உரிமம் பெற்றவர் அங்கே தனியார் இடத்தில் இன்றும் சக்கரத்தைப் பூட்டலாம். பெல்ஃபாஸ்டில் நிறுத்தினால் பலகையைப் படித்துவிட்டே இறங்குங்கள்.